இருப்புக் குறைவு

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.
கிடங்குக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டவணையில்
லோஷினி என்றிருந்த கட்டம்
வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.
பென்சிலில் எழுதிய பெயர்.
அழித்த கை அவசரத்தில் அழித்திருக்க வேண்டும்.
முதல் எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

கொம்தாரில் எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் கடை.
சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை. ஏழு மாதம்.
மணிக்கு எட்டு வெள்ளி.
பத்து நிமிடம் தாமதமென்றால் ஐந்து வெள்ளி பிடித்தம்.
சட்டைக்கு முப்பது வெள்ளி முன்பணம்.
பெயர்ப் பட்டை அடுத்த மாதம் வரும் என்று
எனக்குமுன் நின்றுபோன பெண்ணின் பட்டையைக் குத்திவிட்டார்கள்.
ஏழு மாதமும் நான் ஹுய் மின்.
பட்டையைப் படித்து ஹொக்கியனில் பேசத் தொடங்கிய ஆன்ட்டிகள்
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன். அதற்குள்
எண்ணைக் கையால் காட்டியிருப்பார்கள்.

முகங்கள் எனக்கு நிற்பதில்லை.
கால்கள் நிற்கும்.
ஒரு கால் மற்றதைவிட அரை எண் பெரிதென்று
ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் தெரிந்துகொண்ட போலீஸ்காரர்.
காலுறை ஓட்டை தெரியாமலிருக்க
பெருவிரலை மடக்கிக்கொண்ட பையன்.
அவன் போட்டு முடிக்கும்வரை
நான் திரும்பி நின்று, இல்லாத ஒரு பெட்டியைத் தேடினேன்.

மாதக் கடைசி எண்ணிக்கையில் ஒரு பெட்டி காலி.
கறுப்பு, முப்பத்தெட்டு,
நூற்றுப் பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
அன்றைக்குக் கிடங்குக்குள் போனவர்கள் நாலு பேர்.
மிஸ்டர் கூ என் காலை மட்டும் பார்த்தார்.
என் கால் முப்பத்தெட்டு.
"ஸ்டூடண்ட்தானே" என்றார்,
அதுவே சாட்சி என்பதுபோல.

சூப்பர்வைசர் தவமலர் அக்கா
விலைச்சீட்டு ஒட்டும் கருவியை
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு, "பரீட்சை வருதே, நல்லா படி" என்றார்.
தமிழில். மெதுவாக.
எங்கள் இருவரைத் தவிர
யாருக்கும் தமிழ் தெரியாத கடையில்
எதற்கு அவ்வளவு மெதுவாக?

சட்டையைத் துவைத்தேன். இரண்டு நாள் மழை.
அயர்ன் போட்டே காயவைத்துக் கொண்டுபோனேன்.
காலரில் கறை என்று பத்து வெள்ளி எடுத்துக்கொண்டார்கள்.
ஹுய் மின்னைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தேன்.
யாரோ அதை உடனே டிராயரில் போட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை.
அடுத்த சனிக்கிழமையும் ஒன்பதரைக்குக் கிளம்பி
ஜெட்டிவரை போய்
ஃபெர்ரிக்குக் காத்திருப்பவர்கள் நடுவே உட்கார்ந்து
கணக்கியல் படித்தேன்.
மத்தியானத்துக்கு அம்மா கட்டித் தந்த மீகோரெங்
வேலைக்குப் போகிறவளுக்கானது.
பாதிதான் இறங்கியது.

பதினோரு நாள் கழித்து ஷஃபிக்கா செய்தி அனுப்பினாள்.
கிடைத்துவிட்டதாம்.
பூட்ஸ் பெட்டியில், பூட்ஸுக்கு அடியில்,
யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.
பாஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன்.
'ஓகே' சொன்னாராம்.
அடுத்த மாத அட்டவணை
ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதாம்.
அழுகிற முகம் ஒன்று அனுப்பினாள்.
நான் கட்டைவிரல் ஒன்று அனுப்பினேன்.

பரீட்சையில் மூன்றாம் கேள்வி:
ஆண்டிறுதி எண்ணிக்கையில் சரக்கு குறைகிறது,
சரிக்கட்டும் பதிவை எழுதுக.
எழுதினேன்.
நட்டத்தில் பற்று, சரக்கில் வரவு.
நாலு மதிப்பெண்.
பற்று.
மளிகைக் கடைக்காரர் அப்பா பெயருக்கு எதிரே எழுதுவாரே,
அதே சொல்.
காணாமல் போனது பிறகு கிடைத்தால்
பதிவைத் திருப்பி எழுத வேண்டும்.
அதுவும் எனக்குத் தெரியும்.
அதை யாரும் கேட்கவில்லை.

பத்து நிமிடம் மிச்சம்.
மேசைகளுக்கு நடுவே
கண்காணிப்பாளர் நடந்துபோனார்.
புதுக் காலணி, பழுப்பு.
அரை எண் சிறியது.
நடையிலேயே தெரிந்தது.